ஏழாம் நம்பர் ஜன்னல்

அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் தந்தி அடித்தார்கள். மாடி முழுக்க ஒரே நீளக் கூடம். தெருவைப் பார்த்த சுவரில் வரிசையாகப் பதிமூன்று ஜன்னல், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். தந்தி நின்று போனபின் அங்கே என்னென்னவோ இருந்து பார்த்தது. கொஞ்ச நாள் தானியக் கிடங்கு, கொஞ்ச நாள் டைப்ரைட்டிங் பள்ளி, அப்புறம் வெறும் புறா. நூற்றைம்பது வயசு ஆனதென்று சர்க்கார் பட்டியலில் ஏற்றிவிட்டதால் இடிக்கவும் வழியில்லை. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வந்து எடுத்துக்கொண்டது. நூற்றிருபது மேசை போடப் போகிறார்கள். ஏசி, லிஃப்ட், காப்பி மெஷின் எல்லாம் வரப் போகிறது. ஆனால் வெளியே நின்று பார்க்கிறவனுக்குக் கட்டடம் பழையபடியே தெரிய வேண்டும்.

ஜன்னல் வேலை ஒரே குடும்பத்துக்கு வந்தது. பெரியவர், அவர் தம்பி சின்னவன், பெரியவரின் மனைவி. மூன்று பேரும் மரவேலைதான். சின்னவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, சுண்ணாம்பு குழைக்கிறவர்களிலிருந்து சூப்பர்வைசர் வரைக்கும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம், தப்பில்லை.

அண்ணிக்குப் பெயிண்ட் சுரண்டுகிற வேலை. கழற்றிப் போட்ட கதவில் சூடான காற்றை ஊதி, பெயிண்ட் குமிழ் விடுகிற நேரம் பார்த்துத் தகட்டால் வழித்து எடுக்க வேண்டும். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே காய்ந்த மிளகாய் மாதிரி ஒரு சிவப்பு. ஏழு பூச்சு போனபின் மரம் வரும். அந்த மரத்தை முதலில் பார்க்கிறபோது, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டின மாதிரி இருக்கும் அவளுக்கு. ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அண்ணனும் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

ஒரே வீடு. கீழே பெரியவரும் அண்ணியும், மாடி அறையில் சின்னவன். மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் பெரியவர். "உப்பு அவர் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லுங்க அண்ணி" என்பான் சின்னவன். அண்ணி எழுந்து உப்பை எடுத்து வைப்பாள். சைட்டிலும் அதே கதை. "மூணாவது நிலைக்குக் கீல் வந்துடுச்சான்னு கேளு." "வரலைன்னு சொல்லுங்க." வயர் இழுக்கிற ஆள் ஒருவன் இருந்தான், வாய்த் துடுக்கு. "தந்தி ஆபீஸை மூடி நாப்பது வருஷமாச்சாம். அண்ணி மட்டும் இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுத்த சேதியைக் கொண்டு போவாள்.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சின்னவன் வெகு தூரத்தில் ஒரு ஓட்டலுக்கு மரவேலை செய்யப் போயிருந்தான். ஆபரேஷன் செய்தால் செய்யலாம், பிழைத்தாலும் குழாயோடுதான் கிடப்பார் என்றார் டாக்டர். வேண்டாம் என்று பெரியவர் கையெழுத்துப் போட்டார். தம்பிக்குப் போன் போட்டு உடனே வா என்றாரே தவிர, கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வாய் மூடினதுதான்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவனுக்குப் பத்து வயசு. அவள் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன். இவர் மேலும் குற்றமில்லை, அவன் மேலும் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் யாரையும் அதட்ட முடியாமல் நடுவில் நின்றாள்.

கதவுகளைக் கழற்ற ஆரம்பித்த நாளைச் சொல்ல வேண்டும். திரும்ப மாட்டுவதற்கு ஆறு வாரம் முந்தின ஒரு காலை. கட்டடம் ஒரு பக்கமாகக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டிருந்தது. அதனால் பதிமூன்று நிலைகளும் பதிமூன்று விதமாகச் சாய்ந்திருந்தன. ஒன்றின் கதவு இன்னொன்றில் சேராது. எந்தக் கதவு எந்த நிலைக்கென்று நம்பர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். பழைய மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, உளியால் குறிக்கக்கூடாது, இழைப்புளி படவே கூடாது என்று சர்க்கார் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து கண்டித்துச் சொல்லியிருந்தார். எதைக் கேட்டாலும் "தொடக்கூடாது" என்பதால் அவருக்குத் தொடாதம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. ஆக, தகர வில்லையில் நம்பர் எழுதிக் கீலில் கட்டுவது என்று முடிவு.

அன்று பெரியவர் கீழே கொட்டகையில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். மாடிக்கு டீ கொண்டு போன அண்ணியிடம், "அவன்கிட்ட சொல்லு. உள்ள நின்னு, இடது கைப் பக்கமிருந்து ஒண்ணு ரெண்டுன்னு வில்லை கட்டட்டும். நானும் நிலையில அப்படித்தான் சாக்பீஸ்ல போடப் போறேன். என் டீயைத் திரும்பி வரும்போது குடு" என்றார்.

அவள் மேலே போனாள். சின்னவன் ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் நின்றான். டீயை வாங்கிக்கொண்டு, இவள் வாய் திறக்கும் முன்பே அவன் ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒரு விஷயம். மேசை நாற்காலி செய்யுற ஃபேக்டரியில வேலை கிடைச்சிருக்கு. ரயில்ல ஒரு பகல் தூரம். தங்க ரூமும் அவங்களே தராங்க."

"எப்போ?"

"இந்த ஜன்னல் முடிஞ்சதும். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவள் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. ஒரு சேதியைக் கொடுக்காமல் வந்திருக்கிறாள், இன்னொரு சேதியைக் கொடுக்கப் போகிறாள். கையில் பெரியவருக்கான டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் எத்தனை வார்த்தை தூக்கியிருப்பேன், ஒரு வார்த்தையாவது எனக்கென்று இருந்ததா என்று நினைத்தாள். அந்த டீயை அவளே குடித்தாள். இனித் தந்தி அடிக்க மாட்டேன், நீங்களாச்சு உங்கள் வாயாச்சு என்று எழுந்து பெயிண்ட் சுரண்டப் போய்விட்டாள்.

கோபம் சாயங்காலமே தீர்ந்துபோயிற்று. ஆனால் போகப் போகிறான் என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நம்பர் விஷயமோ, அவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்து, அப்புறம் நினைக்கவும் மறந்துபோனாள்.

ஆறு வாரம் ஓடிப் போயிற்று. கதவுகள் சுத்தமாகி, எண்ணெய் குடித்துப் பளபளவென்று சுவரோரம் நின்றன. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கவலை. ஜன்னல் இறுக்கமாக மூடாவிட்டால் ஏசிக் காற்றெல்லாம் தெருவுக்குப் போகும். சனிக்கிழமை தொடாதம்மா வந்து பார்ப்பார். பதிமூன்றும் ஒழுங்காக மூடித் திறந்தால் சரி. இல்லாவிட்டால் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டுக் கதவுகளைக் கிடங்கில் போட்டுவிடலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மாட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே பெரியவர், வெளியே சாரத்தில் சின்னவன், ஜன்னலோரம் அண்ணி.

"தூக்கச் சொல்லு."

"தூக்குப்பா."

"தூக்கியாச்சுன்னு சொல்லுங்க."

"தூக்கிட்டான்."

ஒன்றாம் நம்பர் சேரவில்லை. மேலே உரசியது, கீழே விரல் நுழைகிற சந்து. கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். இரண்டாவது சேரவில்லை, மூன்றாவதும் நாலாவதும் இல்லை. முந்தின வாரம் மழை பெய்திருந்தது.

"மரம் ஊதியிருக்கு. மூடி வைக்கத் தெரியலையான்னு கேளு" என்றார் பெரியவர்.

"ஊதினா மேலயும் கீழயும் ஊதணும். சந்து எப்படி வரும்? நிலையைத் தட்டித் தட்டிச் சாச்சுட்டாரான்னு கேளுங்க" என்றான் சின்னவன்.

அண்ணி இரண்டு பேரிடமும் "மழைதான்" என்று சொல்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவதும் ஆறாவதும் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு வேடிக்கை. ஒன்றில் விரல் நுழைந்தது, நாலில் பென்சில் நுழைந்தது, ஆறில் நகம்தான் நுழைந்தது. கை பழகிவிட்டது போலிருக்கிறது என்று பெரியவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏழைத் தூக்கினார்கள். பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி டொப்பென்று உட்கார்ந்தது. கொண்டி தானாக விழுந்தது.

எட்டைத் தூக்கினார்கள். நகம் நுழைந்தது. ஒன்பதில் பென்சில்.

சூப்பர்வைசர் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் போன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. "இழைச்சு விடுங்கப்பா" என்றார். "அரை விரல் இழைச்சா யாருக்குத் தெரியப் போகுது? அதுக்கு மேல எண்ணெய் பூசிடலாம். இல்லைன்னா நாளைக்குக் கண்ணாடிதான். இவ்வளவு வேலை செஞ்சு கிடங்குல போடவா?"

சின்னவன் சாரத்திலிருந்து உள்ளே குதித்தான். இரண்டாம் நம்பர் கதவை மேசை மேல் கிடத்தி இழைப்புளியை எடுத்தான். எடுத்தவன் இழைக்கவில்லை. அண்ணனைப் பார்க்காமல் அண்ணன் பக்கமாக நின்றான்.

பெரியவர் வெகுநேரம் கதவையே பார்த்தார். அப்புறம் அண்ணியிடம் திரும்பினார்.

"அவன்கிட்ட சொல்லு. இழைச்சுடட்டும்."

அண்ணியின் கண் ஏழாம் நம்பர் ஜன்னல் மேலேயே இருந்தது. இத்தனை ஜன்னலில் அது ஒன்று மட்டும் எப்படிச் சேர்ந்தது? இந்த மூலையிலிருந்து மனசுக்குள் எண்ணினாள். ஏழு. அந்த மூலையிலிருந்து எண்ணினாள். அதுவும் ஏழு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏழாவதாக நிற்கிறது அது ஒன்றுதான். படியில் உட்கார்ந்து குடித்த டீ நெஞ்சில் வந்து நின்றது.

"இழைக்க வேணாம்" என்றாள்.

"நான் சொல்லச் சொன்னது அது இல்ல."

"தெரியும். இது நானே சொல்றது." அவள் சின்னவனிடம் திரும்பினாள். "தம்பி, வில்லை கட்டினப்போ நீ எங்க நின்னே?"

"சாரத்துலதான் அண்ணி. வெளிய."

"எந்தப் பக்கம் ஒண்ணு?"

"இடது கைப் பக்கம்."

"உங்க அண்ணன் உள்ள நின்னு இடது கைப் பக்கம் ஒண்ணு போட்டிருக்காரு. உன்னோட ஒண்ணு அவரோட பதிமூணு."

சின்னவன் இழைப்புளியை மெதுவாக, பக்கவாட்டில் சாய்த்துக் கீழே வைத்தான். ஒரே ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அந்தக் கதவுக்கு உலகத்தில் இடமே இருந்திருக்காது.

"உள்ள நின்னு போடச் சொன்னேனே" என்றார் பெரியவர். குரல் உயரவில்லை.

"என்கிட்ட சொன்னீங்க. நான் அவன்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"அன்னிக்கு ரெண்டு சேதி என் கையில. ரெண்டையும் நான் குடுக்கல. ஒண்ணு இது. இன்னொண்ணு அவன் உங்களுக்குச் சொல்லச் சொன்னது." தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்காம். இந்த ஜன்னல் முடிஞ்சதும் போறானாம். எனக்குச் சொல்ல வரல. தப்பு என்னோடதுதான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

பெரியவர் திட்டவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. சாக்பீஸ் எழுதியிருந்த நிலையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் போனை எடுத்துக் காதில் வைத்தபடி, "அப்போ இழைக்கிறோமா இல்லையா?" என்றார்.

"இல்ல" என்றார்கள் அண்ணனும் தம்பியும். இரண்டு பேரும் அவரிடம்தான் சொன்னார்கள்.

பதிமூன்றாம் கதவை ஒன்றாம் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். சின்னவன் சாரத்தில் ஏறினான். பெரியவர் உள்ளே முட்டி போட்டு ஆப்பைப் பிடித்தார். "தூக்கச் சொல்லு" என்றார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள் அண்ணி. கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய், சுரண்ட வேண்டியது ஒன்றும் இல்லாத மேசை முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஜன்னலை அவர்கள் தட்டித் தட்டியே மாட்டினார்கள். ஒரு தட்டு என்றால் தூக்கு, இரண்டு தட்டு என்றால் இறக்கு. அந்தக் கட்டடம் எத்தனையோ தட்டைக் கேட்ட கட்டடம்தானே. வயர்க்காரன் ஏணி மேல் நின்று இதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கதவு சேர்ந்தது. ஒரு காகிதம் நுழைகிற சந்துகூட இல்லை.

இரண்டாவதில் தட்டு தப்பிவிட்டது. பெரியவர் இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் ஆப்பு நழுவிக் கதவு அவர் கட்டை விரல் மேல் உட்கார்ந்தது.

"டேய், விரலுடா."

"ஐயோ அண்ணே. இருங்க, தூக்கறேன். எடுங்க, எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ரத்தம் வருதா?"

"இல்ல. நசுங்கியிருக்கு. நீ புடிச்சுக்க, விட்டுடாதே."

அண்ணி திரும்பவில்லை. தகட்டைக் கீழே வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்துக் காதில் விழுகிற வார்த்தை "டேய், விரலுடா" என்பதாக இருக்கும் என்று யார் நினைத்தது.

அதற்கப்புறம் வேலைப் பேச்சு மட்டும் ஓடியது. மேலே. கொஞ்சம். போதும். கீலுக்கு எண்ணெய் காட்டு. வெள்ளி சாயங்காலம் வெளிச்சம் போகும்போது ஏழாவதைச் சேர்த்து எட்டு ஜன்னல் முடிந்திருந்தன. வீட்டில் சாப்பிடும்போது பழையபடி யாரும் பேசவில்லை. ஆனால் பெரியவர் வலது கையில் துணி சுற்றியிருந்ததால், சின்னவன் உப்பை அவனே தள்ளி வைத்தான்.

சனிக்கிழமை காலை மிச்சம் ஐந்தையும் பிடித்தார்கள். பன்னிரண்டாவதில் ஒரு சின்னச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. கதவை மூடி, வெளியிலிருந்து ஒருவர் பார்க்க, உள்ளேயிருந்து ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் சந்து இருக்கிறதென்று அர்த்தம். கதவை மூடிவிட்டுப் பெரியவர் டார்ச்சை ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தார். பாதியில் கை நின்றது.

"அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கலாம்" என்றார், மூடின கதவைப் பார்த்து.

வெளியே சாரம் ஒருமுறை கிறீச்சிட்டது.

"கேட்டா நீயும் வேணாம்னுதான் சொல்லியிருப்பே. சொல்லிட்டு அத ஆயுசுக்கும் தூக்கிக்கிட்டுத் திரிவே. ஒருத்தன் தூக்கினா போதும்னு நெனச்சேன்."

அண்ணி எண்ணெய்த் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு லாரி போயிற்று.

"நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றது கதவுக்கு வெளியேயிருந்து சின்னவன் குரல். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியல அண்ணே. சொல்லியிருப்பேனோ என்னமோ" என்றது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "டார்ச்சைக் கீழ் மூலையில காட்டுங்க. அங்க இன்னும் பாக்கல" என்றது.

பெரியவர் கீழ் மூலையில் காட்டினார். வெளிச்சம் கசியவில்லை.

மத்தியானம் தொடாதம்மா வந்தார். ஒவ்வொரு ஜன்னலையும் சுண்டு விரலால் தள்ளித் திறந்தார், சுண்டு விரலால் இழுத்து மூடினார், சந்தில் ஒரு காகிதத்தை விட்டுப் பார்த்தார். இழைப்புளி பட்டிருக்கிறதா என்று கதவோரம் முழுக்கத் தடவினார். பதிமூன்றாவதை மூடிவிட்டு அந்த மூடின கதவிலேயே கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். "கண்ணாடி வேண்டாம்" என்றார் சூப்பர்வைசரிடம். போகும்போது அண்ணியிடம், "வில்லையை மட்டும் கழட்டிடாதீங்க. ஆனா நம்பரெல்லாம் ஏன் தலைகீழா இருக்கு?" என்று கேட்டார்.

"அது எங்க வீட்டுக் கதைம்மா" என்றாள் அண்ணி. "சொன்னா லேட்டாயிடும்."

அவர் போனபின் மூன்று பேரும் ஏழாம் நம்பர் ஜன்னலுக்குக் கீழே காகிதம் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும். ஜன்னல் திறந்திருந்தது. திங்கட்கிழமை மேசைகள் வந்துவிடும், அப்புறம் இந்தக் கூடத்தில் தரையில் உட்கார முடியாது. பெரியவர் இடது கையால் பிசைந்து சாப்பிடத் தடுமாறினார். அண்ணி ஒரு ஸ்பூனைத் துடைத்துக் கொடுத்தாள்.

"எப்போ கிளம்பறே?" என்றார், ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே.

சின்னவன் ஒரு கணம் அண்ணியைப் பார்த்தான். அவள் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டாள்.

"புதன்கிழமை" என்றான்.

"என்னென்ன எடுத்துட்டுப் போறே?"

"துணிமணி, கருவிப் பெட்டி. கட்டிலையும் எடுத்துக்கலாம்னு. அங்க ரூம்ல கட்டில் இல்லையாம்."

"அது படியில இறங்காதுடா. ரூமுக்குள்ள வச்சே செஞ்சு பூட்டினது. அப்போ உனக்குப் பதினேழு வயசு."

"தெரியும். கழட்டித்தான் எடுக்கணும்."

"நம்பர் போட்டுக் கழட்டணும்."

"எங்க நின்னு போடறது?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்து, அடக்கி, சோறு புரையேறிவிட்டது. அண்ணி தண்ணீரை நகர்த்தினாள். குடித்து முடித்துச் சொன்னார்:

"கட்டில் மாடியிலயே இருக்கட்டும். அங்க நீயே ஒண்ணு செஞ்சுக்க, உனக்குத் தெரியாததா. லீவுக்கு வந்தா இங்க எதுல படுப்பே?"

சின்னவன் முட்டையை இரண்டாகப் பிட்டான். பழக்கம் போகுமா, பதில் சொல்ல அவன் முகம் தானாக அண்ணி பக்கம் திரும்பியது. "அண்ணி, அண்ணன்கிட்ட" என்று ஆரம்பித்தான்.

அண்ணி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். முகவாயால் பெரியவரைக் காட்டினாள்.

சின்னவன் திரும்பினான்.

"சரி அண்ணே. மாடியிலயே இருக்கட்டும்."